சிவில் கேட்கும் பையனும் ரெட்டியார்பட்டி மனையும்

அண்ணாச்சி, நீங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜை முழுசாகக் கேட்டேன். பையன் சிவில்தான் படிப்பேன் என்று நிற்கிறான், மதினி கம்ப்யூட்டர் சயின்ஸைத் தவிர வேறு பேச்சே எடுக்க மாட்டேன் என்கிறார், நடுவில் ஒரு புரோக்கர் வந்து மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன் என்று சொல்லி நெல்லையில் ரெட்டியார்பட்டிப் பக்கம் கிடக்கிற உங்கள் மனைக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டான். மனை விஷயம் கடைசியில் வருகிறது. அதுவரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கேள்வி. "நம்ம ஊர்ல திரும்பின பக்கமெல்லாம் வீடு கட்டுதாங்க, சிவில் படிச்சவனுக்கு வேலை இல்லாமலா போயிரும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கே.டி.சி. நகர், வி.எம்.சத்திரம் பக்கம் போனால் மூன்று தெருவுக்கு ஒரு இடத்திலாவது கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அந்த வீடுகள் யார் காசில் எழும்புகின்றன என்று பாருங்கள். துபாய், சவூதியில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது, சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருப்பவர்கள் ஊரில் ஒரு வீடு வேண்டும் என்று போட்டது, ரிட்டயர் ஆன வாத்தியாரின் பணிக்கொடை. வேறு ஊரில் சம்பாதித்த பணம்தான் இங்கே வந்து சுவராகிறது. அதனால் வீடு பெருகுவதை வைத்து நம் ஊரில் வேலை பெருகிவிட்டது என்று கணக்குப் போட முடியாது. வளைகுடாவில் ஒருத்தருக்கு வேலை போனால் இங்கே ஒரு வீடு கதவு, ஜன்னல் உயரத்தில் லிண்டல் மட்டத்தோடு நின்றுவிடும், அதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, அந்த வீட்டு வேலையில் இன்ஜினியர் எங்கே இருக்கிறார்? பிளான் அப்ரூவலுக்கு வருவார், தளம் போடுகிற அன்று வந்து நிற்பார். மற்ற நாளெல்லாம் கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சென்ட்ரிங்காரர், சித்தாள், இவ்வளவுதான். அதிலும் இப்போது பாதிப்பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். புதிதாக பி.இ. முடித்த பையனை சைட் சூப்பர்வைசர் என்று வைத்துக்கொள்வார்கள். சொந்த பைக்கில் நாலைந்து சைட்டுக்கு அலைந்து, சிமென்ட் மூட்டையை எண்ணி, தண்ணீர் அடித்தார்களா என்று பார்த்து, சாயங்காலம் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புவது அவன் வேலை. நல்ல கொத்தனார் மாதம் முழுக்க வேலைக்குப் போனால் இவனைவிட அதிகமாகவே கொண்டுபோவார். இதில் நிலைத்து நின்று பத்து வருஷத்தில் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்தவர்களும் உண்டு, ஆனால் அதற்குக் கையில் காசும் ஆள்பழக்கமும் வேண்டும், டிகிரி மட்டும் போதாது.

நம் பக்கத்தில் சிவில் படிப்புக்கு மரியாதை இருப்பது பெரிய சைட்டுகளில்தான். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு ஓடிக்கொண்டிருக்கின்றன, 3 முதல் 6 வரை அடுத்த நான்கு உலைகளுக்குக் கட்டுமான வேலை எடுத்தார்கள். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடி சிப்காட் தொழிற்பேட்டையில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தது. இந்த மாதிரி இடங்களில் சர்வே, குவாலிட்டி, பில்லிங், பாதுகாப்பு என்று தனித்தனி ஆட்கள் வேண்டும். ஆனால் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனி, அந்த கம்பெனி வேலை முடிந்ததும் குஜராத்துக்கோ ஒடிசாவுக்கோ போகும், பையனும் கூடவே போக வேண்டும். அம்மா கையால் சாப்பிட்டுக்கொண்டு ஊரிலேயே இருக்கலாம் என்று நினைத்து சிவில் கேட்கிறானா என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள். அப்படி என்றால் வேண்டாம். ஊர் ஊராகப் போகத் தயார், வெயில் பரவாயில்லை என்றால் தாராளமாகப் படிக்கட்டும்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள். ஆலையைக் கட்டுகிறவர்கள் போய்விடுவார்கள், ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் ஆலை 4.3 கிகாவாட் திறனோடு 2025 பிப்ரவரியில் திறந்தது. உள்ளே மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டியது எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள், அதிலும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்கள்தான் அதிகம். பெண் பிள்ளைகளை அங்கே நிறைய எடுத்திருக்கிறார்கள், உங்கள் சின்ன மகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்கும் இதே கதைதான். ஆக, கவுன்சலிங் சாய்ஸ் லிஸ்ட்டில் சிவிலுக்கு அடுத்ததாக இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) எழுதச் சொல்லுங்கள். கட்-ஆஃப் இடித்தால் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம், அது ஒன்றும் குறைவான வழி இல்லை. சர்வேயர், வரைவாளர் என்று டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிற வேலைகளுக்கு சிவில் டிப்ளமோவும் செல்லும், அந்த டிரேடில் ஐ.டி.ஐ. சான்றும் செல்லும்.

மதினிக்கு: தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் சோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி இருக்கிறது என்பது உண்மை, அதை வைத்து நெல்லையில் ஐ.டி. வேலை கொட்டிக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் படித்தாலும் முதல் வேலைக்கு சென்னை, பெங்களூர் பஸ்தான். கணக்குப் போடவே சலித்துக்கொள்கிற பையனைப் பிடித்து கோடிங்கில் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இப்போது மனை. மெசேஜின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள், பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்று. அதை முதலில் சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி! 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டும். அது போக தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். இலவசமாகக் கிடைக்கக்கூடிய சீட்டுக்கு எதற்கு மனையை விற்கிறீர்கள்? அந்தப் புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. விற்றே ஆக வேண்டிய அவசரம் வேறு ஏதும் இருந்தாலும், லேஅவுட் அப்ரூவல் இருக்கிறதா, இல்லையென்றால் வரன்முறைப்படுத்தத் தக்கதாக 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனையா என்று பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் விலையே.

ஒரே ஒரு சிக்கல் வரலாம். பாளையங்கோட்டையில் பேர்பெற்ற பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள், அவற்றில் படித்தால் இந்த 7.5-இல் சேராது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்று நீங்கள் சொன்னாலும், எட்டாவது வரை இப்போதைய பள்ளி இல்லை, வேறு பள்ளி என்றும் சொன்னீர்களே, அது அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் அங்கே படித்த சான்றைக் கையெழுத்தோடு வாங்கி எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், சாய்ஸ் லிஸ்ட்டை அப்புறம் உட்கார்ந்து போடலாம்.