பிளேடால் வெட்டிச் செய்த மெட்டு

கே: 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரின் பழைய முகப்பிசை சிந்தசைசரில் வாசித்தது என்றே நினைத்திருந்தேன். ஒரு பெண் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்தார் என்கிறார்களே, எப்படி?
– வாசகர், நாகர்கோவில்

ப: செய்தவர் டெலியா டெர்பிஷயர், உதவியவர் டிக் மில்ஸ். 1963-ல் லண்டன் மெய்டா வேலில் இருந்த, நிகழ்ச்சிகளுக்கு மின்னொலிகள் செய்து தரும் பிபிசி ரேடியோபோனிக் ஒர்க்‌ஷாப்பில் சிந்தசைசரே கிடையாது. இசையமைப்பாளர் ரான் கிரெய்னர் எழுதிக் கொடுத்த மெட்டுக்கு ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகத் தயாரித்தார்கள்.

கீழே துள்ளும் பேஸ் ஒலிக்கு மூலம், மீட்டிப் பதிந்த ஒற்றைத் தந்தி. டேப்பின் வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். அரைச்சுரம் ஏற்ற, வேகத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்ட வேண்டும். இப்படி ஒரே மீட்டலிலிருந்து வேண்டிய சுரங்களெல்லாம் கிடைத்துவிடும். மேலே பாடும் மெட்டு, கருவிகளைச் சோதிக்கும் ஆசிலேட்டர் என்ற மின்னலை எழுப்பும் கருவியிலிருந்து வந்தது. காற்றாய்ச் சீறுவது வடிகட்டிய வெள்ளை இரைச்சல், அதாவது எல்லா அதிர்வெண்களும் கலந்த 'உஸ்' ஒலி.

தாளத்தை அளந்தது அளவுகோல்தான். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடினால், அரை நொடிச் சுரத்துக்கு ஏழரை அங்குலத் துண்டு. கால் அங்குலம் பிசகினால் நொடியில் 60-ல் ஒரு பங்கு போச்சு. ஒரு துண்டில் அது காதுக்குப் பிடிபடாது. பத்துத் துண்டில் சேர்ந்தால் தாளம் நழுவிவிடும். வெட்டும்போது பிளேடு சாய்வாக இறங்க வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டில் 'டப்' என்று கேட்கும்; பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அதே தொல்லை. ஒட்டுநாடா டேப்பைவிட அகலமாக இருந்தால் பசை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொள்ளும்.

பல ஒலிகளை ஒரே டேப்பில் தனித்தனித் தடங்களாகப் பதியும் கருவியும் அங்கே இல்லை. தனித்தனி டேப்புகளை வெவ்வேறு இயந்திரங்களில் ஏற்றி ஒரே நேரத்தில் ஓடவிட்டுத்தான் கலந்தார்கள். ஒருமுறை எங்கோ ஒரு சுரம் ஒட்டாமல் நின்றது. காதால் பிடிக்க முடியவில்லை. நீண்ட தாழ்வாரத்தில் டேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எந்த ஒட்டு மட்டும் மற்றவற்றோடு நேராக இல்லை என்று கண்ணால் பார்த்துப் பிடித்தார்கள்!

கே: அவ்வளவு செய்தவரின் பெயர் ஏன் திரையில் வரவில்லை?
– வாசகி, ஈரோடு

ப: ஒர்க்‌ஷாப் ஊழியர்களின் பெயரைத் தனியாகப் போடுவதில்லை என்பது பிபிசி வழக்கம். இசையைக் கேட்டு அசந்துபோன கிரெய்னரே டெலியாவுக்குப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. சுரம் எழுதினால் இசையமைப்பாளர், ஒலியை உருவாக்கினால் ஊழியர் என்பது அந்தக் காலக் கணக்கு. மின்னிசையில் இந்தக் கணக்கு அபத்தம்; நாம் கேட்டு மயங்குவதே அந்த ஒலியைத்தானே! கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்த இவருக்கு, 1959-ல் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் 'ஒலிப்பதிவுக் கூடத்தில் பெண்களை எடுப்பதில்லை' என்று கதவைச் சாத்தியிருந்தது. அவர் 2001-ல் காலமானார். தொடரில் அவர் பெயர் வந்தது 2013-ல், பொன்விழாச் சிறப்புப் பகுதியில்.

கே: அந்த ஒர்க்‌ஷாப்பைத் தொடங்கியதும் ஒரு பெண்தானாமே?
– வாசகர், தஞ்சாவூர்

ப: ஆம், டாஃப்னி ஓரம்; 1958-ல் டெஸ்மண்ட் பிரிஸ்கோவுடன் சேர்ந்து. மறுவருடமே விலகி, 35 மி.மீ. ஃபிலிமில் வரைந்த கோடுகளை ஒளிமின்கலங்களால் படித்து ஒலியாக்கும் இயந்திரத்தைத் தாமே உருவாக்கினார். அது இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.