வாசகர் கேள்விகள்: தண்டனை முடிந்து திரும்புகிறவர்கள்

சிறையிலிருந்து வந்த ஒருவரை எங்கள் வாசகர் வட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்ல நினைக்கிறோம். கேட்பவர்களின் மனம் மாறுமா?

மேடையில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினால் கூட்டம் கண்கலங்கும், கைதட்டும். வீட்டுக்குப் போனதும், "இவர் நல்லவர், மற்றவர்கள் இப்படி இல்லை" என்று அவரை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடும். பழைய எண்ணம் அப்படியே இருக்கும். இரு தரப்பும் சம நிலையில், பொதுவான ஒரு நோக்கத்துக்காக, சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அதற்கு அமைப்பின் ஆதரவும் வேண்டும். அப்போதுதான் தப்பெண்ணம் தளரும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். மேடைப் பேச்சில் முதல் மூன்றும் கிடையாது.

பேச்சுதான் வேண்டுமென்றால் மேடையை விட்டு மேசைக்கு வாருங்கள். 2000-ல் டென்மார்க்கில் தொடங்கிய 'மனித நூலகம்' இந்த வகைதான்: புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரை 'இரவல்' வாங்கி, எதிரே உட்கார்ந்து பேசுவது. மேசைக்கு மூன்று நான்கு பேர், அரை மணி நேரம் போதும். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார் என்று அவரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நடத்துபவர் கையில் அந்தத் தாள் இருக்கட்டும். படமும் காணொளியும் வேண்டவே வேண்டாம். இன்று சம்மதிக்கிறவர் நாளை வேலை தேடும்போது, இணையத் தேடலில் அந்தப் படம்தான் முன்னால் வந்து நிற்கும். மற்ற பேச்சாளர்களுக்குத் தரும் சன்மானத்தை இவருக்கும் கொடுங்கள்.

இதைவிட நல்லது, ஆறேழு வாரம் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. கிழிந்த நூலகப் புத்தகங்களை ஒட்டித் தைப்பதாகக்கூட இருக்கலாம். அறிமுகத்தின்போதே அவர் கதையை அறிவிக்காதீர்கள். அவருக்குத் தோன்றும்போது சொல்லட்டும். அதற்குள் அவர் நூல் கோக்கும் நேர்த்தி மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

நியாயமான கேள்வி. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை. அதை உங்கள் கூட்டம் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அழைப்பிதழிலேயே பொருளைத் தெளிவாக எழுதிவிடுங்கள். அதே வகைக் குற்றத்தால் நொந்தவர் தெரியாமல் வந்து உட்காரும் நிலை வரக்கூடாது. குற்றம் நடந்த விதத்தை விவரிக்கச் சொல்லாதீர்கள். அது இரு பக்கத்தையும் காயப்படுத்தும்.

செய்திமடலில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

'முன்னாள் குற்றவாளி' என்று எழுதினால் 'முன்னாள்' யார் காதிலும் விழாது. 'தண்டனை முடித்தவர்', 'சிறையிலிருந்து திரும்பியவர்' என்று எழுதுங்கள். விகுதியையும் பாருங்கள். கைதான அன்றே பல செய்திகளில் 'அவர்' 'அவன்' ஆகிவிடுகிறார். விடுதலையான பிறகும் அந்த 'ர்' திரும்பி வருவதில்லை.

சிறிய பட்டறை நடத்துகிறேன். விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா?' என்று கேட்கலாமா?

முதல் தாளில் வேண்டாம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சமூகவியலாளர் டெவா பேஜர் நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள இளைஞர்கள் வேலை கேட்டுப் போனார்கள். வெள்ளையரில் தண்டனைப் பதிவு இல்லாதவருக்கு 34 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. பதிவு உண்டு என்றவருக்கு 17. கறுப்பினத்தவருக்கு 14, 5. ஹவாய் மாநிலம் 1998-லேயே இந்தக் கேள்வியை, வேலை தருவதாகச் சொன்ன பிறகே கேட்கலாம் என்று சட்டம் செய்தது.

உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால் நேர்முகம் முடிந்தபின் கேளுங்கள். மூன்றை மட்டும் எடை போடுங்கள்: அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு உண்டா, எத்தனை வருடம் ஆயிற்று, அதன்பின் என்ன செய்திருக்கிறார். பதிலைப் பட்டறை முழுக்கப் பரப்பாதீர்கள். கண்காணிப்பு அதிகாரியிடம் ஆஜராக வேண்டியவராக இருந்தால், அந்த நாட்களை முதல் வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பேசாமல் விட்டால் 'சொல்லாமல் லீவு போடுகிறார்' என்ற புகாரில்தான் வேலை போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் பல வருடம் கழித்து அடுத்த வாரம் வருகிறார். எப்படி நடந்துகொள்வது?

முதல் இரண்டு வாரம் மிக முக்கியம். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்வு, அந்த இரு வாரங்களில் அவர்கள் இறக்கும் வாய்ப்பு பொதுமக்களைவிட 12.7 மடங்கு என்று கண்டது. முதல் காரணம் அளவு மீறிய போதைப்பொருள். பழக்கம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அவருக்கு அப்படி ஒரு பழக்கம் இருந்திருந்தால் குடும்பத்தாருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

நீண்ட காலம் உள்ளே இருந்தவர் கதவின் முன் வந்து, கைப்பிடியைத் தொடாமல் நிற்கக்கூடும். அத்தனை வருடமும் அவருக்குக் கதவைத் திறந்தது வேறு யாரோ. சிரிக்காதீர்கள், முந்திக்கொண்டு திறக்கவும் வேண்டாம். ஒரு நொடி காத்திருங்கள், அவரே திறப்பார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "உள்ளே எப்படி இருந்தது?" என்று தொடங்காமல், "இந்த மேசையை ஒரு பக்கம் பிடிக்கிறீர்களா?" என்று கேளுங்கள்.