செருப்போடு திருச்செந்தூருக்கு நடக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். வயது 49, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மகனுக்கு உடம்பு தேறினால் தைப்பூசத்துக்குத் திருச்செந்தூருக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டேன். மாலை போட்டவர்கள் செருப்பு அணியக் கூடாது, முதல் நாளே ஸ்ரீவைகுண்டம் சேர வேண்டும் என்கிறார் குழுவின் குருசாமி அண்ணாச்சி. ஆறு முறை நடந்த என் நாத்தனாரோ, "முதல் நாளைத் தாண்டிவிட்டால் போதும், மதினி" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, நடந்து வருகிறேன் என்றுதான் நீங்கள் முருகனிடம் சொல்லியிருக்கிறீர்கள், வெறுங்கால் என்பது குழுவின் வழக்கமாகப் பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே செருப்பு அணிந்து நடங்கள். பத்து ஆண்டுச் சர்க்கரை பலருக்குப் பாதத்தின் உணர்ச்சியை மங்கச் செய்துவிடுகிறது. தார் சுடுகிறது என்று மற்றவர்கள் மண் ஓரத்துக்கு ஒதுங்கும்போது, உணர்ச்சி மங்கிய கால் அதே தாரில் சலனமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். தோல் வெந்திருப்பது மாலையில் காலைக் கழுவும்போதுதான் கண்ணில் படும். அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். இதை அண்ணாச்சியிடம் நேராகச் சொல்லுங்கள். பல குழுக்களை நடத்தியவர் என்றால் இப்படி ஒருவரையாவது பார்த்திருப்பார்.

யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்க வேண்டாம். வீட்டைச் சுற்றி நடந்து பழகிய, பின்வார் உள்ள செருப்பும் பருத்திக் காலுறையும் போதும். வியர்வையில் ஊறிய தோல் ஓரிடத்தில் உரசிக்கொண்டே இருப்பதால்தான் கொப்புளம் வருகிறது; மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி பையில் இருக்கட்டும். செருப்புக்குள் ஒரு மணல் துகள் நெருடினாலும் அங்கேயே நின்று உதறுங்கள், குழு நூறு அடி முன்னால் போய்விட்டாலும் பரவாயில்லை.

மொத்த வழி சுமார் 55 கிலோமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஏறத்தாழப் பாதி. விடியுமுன் புறப்பட்டால், தை மாதப் பனியில் கிருஷ்ணாபுரம் வரை கால் தானாகப் போகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அரோகரா முழக்கத்தோடு இளவட்டங்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்து இழுத்துப் பிடித்து நடந்தவர்கள்தான் செய்துங்கநல்லூருக்கு அப்பால் மரத்தடியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். உச்சி வெயிலில் செய்துங்கநல்லூரில் தங்கி, நான்கு மணிக்கு மேல் புறப்படுங்கள். இருட்டில் சாலையின் வலப்பக்கம் நடந்தால் எதிரே வரும் வண்டி தெரியும்.

வழியெங்கும் அன்னதானம் நடக்கும். கொடுக்கிற கையைத் தட்டக் கூடாது என்று ஏழு பந்தலில் எலுமிச்சைச் சாதமும் பானகமும் வாங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். நீங்கள் நீர்மோரை மட்டும் தாராளமாக வாங்குங்கள். நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை இறங்கவும் கூடும் என்பதால், அன்றைய மாத்திரை அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பாதத்தையும் அவரிடம் காட்டிவிட்டுப் புறப்படுவது நல்லது. கை நடுங்கிக் கண் இருட்டினால் குளுக்கோஸ்தான் உதவும். கடலைமிட்டாய் பசிக்கு ஆகும், ஆனால் இந்த மயக்கத்துக்கு அது மெதுவாகத்தான் வேலை செய்யும்.

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணியைப் பார்த்ததும் காலை நனைக்கத் தோன்றும். ஒரு முழுக்குப் போட்டு உடனே கரையேறுங்கள். நெடுநேரம் ஊறினால் தோல் இளகி, மறுநாள் எளிதில் உரிந்துவிடும். விரலிடுக்கைத் துடைத்துவிட்டு, கைக்கண்ணாடியில் உள்ளங்காலைப் பாருங்கள், அல்லது நாத்தனாரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் இருந்தால் ஊசியில் நூல் கோத்துக் குத்தவிட வேண்டாம். தோல் கிழிந்தோ கறுத்தோ இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். திருச்செந்தூர் ரயில் பாதை இந்த வழியை ஒட்டியே வருகிறது; திரும்புவதற்கு ஸ்ரீவைகுண்டத்திலேயே ஏறிக்கொள்ளலாம். மீதி வழியைக் கால் ஆறிய பிறகு, மாசித் திருவிழாவுக்கோ வேறொரு நாளிலோ, விட்ட இடத்திலிருந்து நடந்து முடியுங்கள். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றினால் போதும்.