உலர் கலனுக்குள் எத்தனை டிகிரி? கேள்விகளும் பதில்களும்

பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளைத் தண்ணீரிலிருந்து எடுத்து, ஹீலியம் நிரப்பிய எஃகுக் கலன்களில் அடைத்து வைக்கிறார்கள். உள்ளே எவ்வளவு சூடு இருக்கும் என்று கணினியில் கணக்கிடுவது பல ஆண்டுகளாக என் வேலை. வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

உலையை விட்டு வெளியே எடுத்த பிறகும் அது ஏன் சுடுகிறது?

அணுப்பிளவு நின்றுவிட்டாலும், பிளவில் பிறந்த கதிரியக்கத் தனிமங்கள் சிதைந்துகொண்டே இருக்கும். உலையை நிறுத்திய நொடியில் இந்தச் சிதைவு வெப்பம், ஓடிய திறனில் 6 முதல் 7 சதவீதம். ஒரு நாள் கழித்து அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகு மெதுவாகத்தான் குறையும். அதனால்தான் முதல் சில ஆண்டுகள் தண்ணீர்க் குளம். 10 ஆண்டு ஆறிய ஒரு அழுத்த நீர் உலைக் கட்டு (எரிபொருள் கோல்களைச் சேர்த்த ஒரு தொகுப்பு) அரை முதல் ஒரு கிலோவாட் வரை தரும், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு. அப்படி 32 கட்டுகளை ஒரே கலனில் நெருக்கி வைத்தால் அந்தச் சூடு எந்த வழியாக வெளியேறும் என்பதுதான் எங்கள் கணக்கு.

அக்கா, ஒரு கட்டில் 264 கோல்கள் என்கிறார்கள். எல்லாவற்றையும் மாதிரியில் வரைவீர்களா?

32 கட்டுகளுக்கு 8,448 கோல்கள் தம்பி. ஃப்ளூயன்ட், ஸ்டார்-சிசிஎம் ப்ளஸ் மாதிரியான பாய்ம மென்பொருளில் அத்தனையையும் வரைந்தால் மெஷ், அதாவது கணக்குக்காகச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்த வலை, தாங்காது. அதனால் ஒரு கட்டை முழுத் திண்மமாகப் பாவித்து, கோல்களுக்கு நடுவே நடக்கும் வெப்பக் கடத்தலையும் வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்து ஒரே கடத்துத்திறன் எண்ணாகக் கொடுப்போம். ஹீலியம் உள்ளே சுழலும் கலன் என்றால் நுண்துளை ஊடகமாக, அதாவது வாயு ஊடுருவிப் போகும் பஞ்சு மாதிரி, வைப்போம். கோப்ரா-எஸ்எஃப்எஸ் என்ற பழைய நிரல் வேறு வழியில் போகும். அது கோல்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட வாய்க்கால்களையும் தனித்தனியாகவே தீர்க்கும். இன்றும் நான் அதை நம்பி எடுக்கிறேன். எந்தக் கட்டு எவ்வளவு சூடு தரும் என்பதை ஆரிஜென் போன்ற வேறொரு நிரலிலிருந்து வாங்கிக்கொள்வோம்.

ஏன் ஹீலியம்? காற்று போதாதா?

காற்றைவிட ஹீலியம் ஏறக்குறைய ஆறு மடங்கு வெப்பம் கடத்தும். எரிபொருள் கோலின் மேல் இருக்கும் உலோக உறையை அரிக்கவும் செய்யாது. ஆனால் ஹீலியம் இருந்தும் சின்ன இடைவெளி எவ்வளவு தடுக்கும் என்று பாருங்கள். 30 கிலோவாட் சூடு, உள்சுவர் 22 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 1,360 வாட் வரும். கட்டுகளைத் தாங்கும் கூடைக்கும் கலனின் சுவருக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் ஹீலியம் இருந்தால், அந்த ஹீலியத்தைக் கடக்க மட்டுமே சுமார் 20 டிகிரி செலவாகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு மாதிரியில் கூடையும் சுவரும் ஒட்டியிருப்பதாகவே விட்டுவிட்டேன். விடை மிக அழகாக வந்தது. என் மூத்த அதிகாரி வரைபடத்தில் விரலை வைத்து, "இந்த இடைவெளி உன் மாதிரியில் எங்கேம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எந்த மாதிரியைத் திறந்தாலும் முதலில் இடைவெளிகளைத்தான் பார்க்கிறேன்.

மேடம், இந்தக் கணக்கெல்லாம் சரி என்று எப்படித் தெரியும்? உள்ளே யாராவது அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் நார்த் அன்னா அணுமின் நிலையத்தில், 2017 நவம்பரில், டிஎன்-32பி என்ற கலனில் 32 கட்டுகளை ஏற்றினார்கள். மூடி வழியாக ஏழு நீளமான குழாய்களை இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒன்பது என மொத்தம் 63 வெப்பமின் இரட்டைகளை (வெப்பநிலை அளக்கும் உணரிகள்) வைத்தார்கள். எல்லாம் உலையில் நீண்ட காலம் எரிந்த எரிபொருள்.

உரிமத்துக்காகப் போட்ட ஆரம்பக் கணக்கு உறையின் உச்ச வெப்பம் 348 டிகிரி செல்சியஸ் என்றது. அந்நாட்டு அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரம்பு 400. ஆனால் அளந்தபோது 240-ஐக்கூடத் தொடவில்லை! ஏற்றிய கட்டுகளின் உண்மையான சூடு உரிமக் கணக்கில் வைத்ததைவிடக் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று அதே இடைவெளிதான். வரைபடத்தில் இருப்பது குளிர்ந்த நிலையின் அளவு. சூடேறும்போது கூடை விரிந்து அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஒவ்வொரு படியிலும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று கூட்டிப் போட்டதெல்லாம் சேர்ந்து நூறு டிகிரிக்கு மேல் போய்விட்டது.

கூட்டிப் போட்டால் நல்லதுதானே? பாதுகாப்பு அதிகம்தானே?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இது. உச்ச வரம்பைத் தாண்டுகிறோமா என்று மட்டும் பார்ப்பதென்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எல்லா ஆபத்தும் அதிகச் சூட்டில் இல்லை.

உலையில் இருக்கும்போது ஜிர்கோனிய உறை ஹைட்ரஜனை உறிஞ்சியிருக்கும். கலனை உலர்த்தும்போது ஏறும் சூட்டில் அது கரையும். ஆறும்போது மறுபடி படியும், அதுவும் உள்ளழுத்தத்தால் உறையின் தடிமனுக்குக் குறுக்கே படியலாம். அப்படிப் படிந்த உறை, ஒரு வெப்பநிலைக்குக் கீழே போனால் எளிதில் நொறுங்கும். இருப்பதைவிடச் சூடு அதிகம் என்று கணக்கு சொன்னால், இன்னும் பல ஆண்டு உறை நெகிழ்வாகவே இருக்கும் என்று நம்பிவிடுவோம்.

வெளிப்பக்கமும் இதே கதைதான். கடலோரத்தில், எரிபொருளை அடைத்த துருப்பிடிக்காத எஃகுக் குடுவையின் மேல் உப்புத் தூசி படிகிறது. மேற்பரப்பு சூடாக இருக்கும்வரை உப்பு காய்ந்தே கிடக்கும். ஆறினால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். பற்றவைத்த இடங்களில் விரிசல் தொடங்க அது போதும். அது எந்த ஆண்டு தொடங்கும் என்று கேட்டால், கூட்டிப் போட்ட கணக்கு தாமதமான தேதியைத்தான் தரும். அதனால்தான் உரிமத்துக்கு ஒரு கணக்கும், உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்பதற்குத் தனியாக ஒரு கணக்கும் வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சுனாமி, நிலநடுக்கம் வந்தால்?

2011 மார்ச்சில் ஃபுகுஷிமா டாய்ச்சியில் ஒன்பது உலர் கலன்கள் இருந்த கட்டடத்துக்குள் கடல் புகுந்தது. கலன்கள் முழுதாகவே இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் 5.8 அளவு நிலநடுக்கம். நார்த் அன்னாவில் நின்ற 27 கலன்களில் 25 சில அங்குலம் நகர்ந்தன. கசிவு எதுவும் இல்லை.

கூடங்குளத்தில் வரப்போவதும் இதுதானா?

இல்லை. அங்கே உலைக்கு வெளியே திட்டமிட்டிருப்பது தண்ணீர்க் குளம். அதன் வெப்பக் கணக்கு வேறு. அங்கே பம்பு ஓடியாக வேண்டும். இந்தியாவில் உலர் கலன் என்றால் ராஜஸ்தானின் ராவத்பாட்டாவைச் சொல்லலாம்.

இதைப் படிக்க எங்கே தொடங்கலாம் அக்கா?

மென்பொருளைத் திறக்காதே. மேலே நான் போட்ட 3 மில்லிமீட்டர் கணக்கைத் தாளில் நீயே போட்டுப் பார். அப்புறம் அதில் வெப்பக் கதிர்வீச்சைச் சேர்; இரண்டு பரப்பின் உமிழ்திறனையும் (பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தை வீசும் என்ற எண்) 0.2 என்றும் 0.8 என்றும் மாற்றிப் போடு. எத்தனை டிகிரி குறைகிறது என்று எழுது, பார்க்கிறேன்.