வெள்ளச் சேதக் கணக்கெடுப்பில் விடுபட்டுப்போகும் வீடுகள்

கேள்வி: எங்கள் டெல்டா கிராமம் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் அனுப்ப இருக்கிறோம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் கூகல் படிவம் ஒன்றைப் பகிர்ந்து, யாருக்கு எத்தனை ரூபாய் சேதம் என்று கேட்டு, அந்த விகிதத்தில் பிரித்துக் கொடுக்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: அந்த முறை வேண்டாம். கைப்பேசியும் மின்சாரமும் இணையமும் உள்ள வீடுகளிலிருந்துதான் படிவம் திரும்பி வரும். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட தெருவிலிருந்து ஒரு பதிலும் வராமல் போகலாம். ஆகவே, முதலில் உள்ளூர்த் தொண்டூழியர்களைக் கொண்டு தெருவாரியாக எல்லா வீடுகளையும் பட்டியலிடுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்கள் நேரில் செல்லட்டும். ‘சேதமில்லை’ என்பதும் ‘இன்னும் பார்க்கவில்லை’ என்பதும் பட்டியலில் தனித்தனிக் குறிகளாக இருக்க வேண்டும்.

அடுத்தது, விகிதக் கணக்கு. ஐக்கிய நாடுகளின் லத்தீன் அமெரிக்க, கரீபியப் பொருளியல் ஆணையம் 1970களில் உருவாக்கத் தொடங்கிய மதிப்பீட்டு முறை, பேரிடரின் விளைவுகளை இரண்டாகப் பிரிக்கிறது. உடைந்த, அழிந்த பொருள்களின் மதிப்பு சேதம்; அதனால் பின்னர் வராமல் போகும் வருமானமும் கூடுதலாக ஏற்படும் செலவும் இழப்பு. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, விழுந்த மரங்களின் விலை கணக்கின் ஒரு பகுதிதான். புதிதாக வைத்த நெட்டைத் தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதால், அதுவரை வராத வருமானத்தையும் சேர்த்தால்தான் அந்தக் குடும்பத்தின் உண்மை நிலை தெரியும்.

உங்கள் ஊரில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக இருக்கும். நிலமும் பம்புசெட்டும் மோட்டார் சைக்கிளும் வைத்திருப்பவர் படிவத்தில் பெரிய தொகையை எழுதுவார், அது பொய்யாகவும் இருக்காது. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்திடம் கெட்டுப்போவதற்குப் பொருள்களே குறைவு, எனவே அதன் சேதம் சிறிய தொகையாகவே தெரியும். ஆனால் சம்பா பயிர் அழுகியதால் அறுவடை வரைக்குமான கூலி முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு இல்லாமல் போய்விட்டது. சேதத்தின் விகிதத்தில் பிரித்தால், அதிகம் வைத்திருந்தவருக்கே அதிகம் போய்ச் சேரும். இது நிச்சயம் உங்கள் நோக்கமாக இருக்காது. ஆகவே எத்தனை நாள் வேலை போயிற்று, அடுத்த கூலி எப்போது கிடைக்கும், வீட்டில் எத்தனை பேர் சாப்பிட வேண்டும் என்பவற்றையும் கட்டாயம் கேளுங்கள்.

நிலம் யாருடையது, பயிர் யாருடையது என்று இரு கேள்விகளாகக் கேட்பதும் அவசியம். அரசின் பயிர் நிவாரணம் 33 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புக்குக் கிடைக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாத குத்தகைதாரர், தாமே செலவிட்டுப் பயிர் செய்திருந்தாலும், அதில் விடுபட்டுப்போகக் கூடும்.

ரூபாய்த் தொகையை வீட்டாரிடம் கேட்காதீர்கள். ஒரே ஆட்டுக்கு இரண்டு வீடுகள் இரண்டு விலை சொல்லும். பொருளையும் எண்ணிக்கையையும் மட்டும் குறித்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரே விலைப்பட்டியலால் பின்னர் கணக்கிடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறையின் உயரத்தைத் தரையிலிருந்து டேப்பால் அளந்து, தண்ணீர் நின்ற நாள்களையும் சுவர் மண்ணா செங்கல்லா என்பதையும் எழுதுங்கள். தொண்டூழியர் கண்ணால் கண்டதும் வீட்டார் சொன்னதும் வெவ்வேறு கட்டங்களில் இருக்கட்டும். இணையம் இல்லாத இடத்திலும் பதிவு செய்ய உதவும் கோபோ டூல்பாக்ஸ் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது கைக்கு வராதவர்களுக்குக் கோடு போட்ட நோட்டுப் புத்தகமே போதும். பத்தில் ஒரு வீட்டையாவது வேறொருவர் மீண்டும் சென்று சரிபார்ப்பது நல்லது.

ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் குழுவில் பகிர அனுமதிக்கவே கூடாது. இங்கே சிங்கப்பூரில் நம் அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றிக் கேட்பதற்கு 2019 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. ஊரில் இருப்பவர்களின் எண்ணையும் நாம் அதே கவனத்துடன் காக்க வேண்டும்.

பணம் முழுவதையும் முதல் பட்டியலை வைத்தே செலவழித்துவிடாமல், ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். மண் சுவர்கள் ஊறியபோது நின்றுவிட்டு, காயும்போது வெடித்துச் சரிவதுண்டு. சில வாரங்கள் கழித்து மண் வீடுகளை மட்டுமாவது மறுபடியும் பார்த்துவரச் சொல்லுங்கள்.