தெள்ளுப்பூச்சி ஒன்றிரண்டுதான், நாய் ஏன் இப்படிச் சொறிகிறது?

வாலடியில் முடியெல்லாம் போய்விட்டது, தேடினால் தெள்ளு ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது என்கிறீர்கள். வினை கடியில் இல்லை, பூச்சியின் எச்சிலில். அதிலுள்ள புரதத்தை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகக் குறித்துவைத்துவிட்டால், அடுத்த கடியிலேயே தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள், அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். சில நிமிடங்களில் அரிப்பு. எதிர்ப்பு மண்டலம் இப்படி அளவுமீறிப் பாய்வதுதான் மிகை உணர்வு. அதில் நான்கு வகை, இது முதல் வகை.

சரி, அதோடு விடுமா? ஓரிரு நாள் கழித்து டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து சேர்ந்து அதே இடத்தைத் தடிக்கவைக்கும். இது நான்காம் வகை. குளிப்பாட்டித் தெள்ளே இல்லாத நாயும் சொறிவது இதனால்தான். மாட்டுக்குக் காசநோய் பார்ப்பதும் இதே வகையை வைத்துத்தான்: காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த டியூபர்குலின் என்ற புரதத்தைக் கழுத்துத் தோலில் போட்டு, 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளப்பார்கள்.

இடையில் உள்ள இரண்டு வகைகளும் உங்கள் நாய்க்குச் சம்பந்தமில்லாதவை. சீம்பாலில் வரும் தாயின் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) சில குதிரைக்குட்டிகளின் சிவப்பணுக்களை உடைப்பது இரண்டாம் வகை. அடினோ வைரஸ் தாக்கிய நாய்க்குக் கண் நீலம் பூப்பது மூன்றாம் வகை. ஆன்டிபாடியும் வைரஸும் கூட்டாகப் படிவதால் வருவது.

அப்புறம், நாய்க்கு மட்டும் மருந்து போடாதீர்கள். முட்டையும் புழுவும் அது படுக்கும் சாக்கில்தான் கிடக்கும்.