வரப்பில் கேட்க வேண்டிய கேள்வி

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் வசிக்கிறேன். ஓராண்டாக நண்பர்களுடன் சேர்ந்து காட்டுயிர், சுற்றுச்சூழல் குறித்து நிபுணர்களுடன் உரையாடி ஒலிப்பதிவுகளாக வெளியிட்டு வருகிறேன். பேராசிரியர்கள், ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரிகள், பறவை ஒளிப்படக்காரர்கள் எனப் பலர் பேசியிருக்கிறார்கள். கேட்பவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் இப்படிப் பேசிக்கொண்டிருப்பதால் எதுவாவது காப்பாற்றப்படுமா என்ற சந்தேகம் வாட்டுகிறது. ஒரு பதிவு எவ்வளவு நேரம் இருக்கலாம், பின்னணி இசை வேண்டுமா என்பதையும் சொல்லுங்கள்.

ர., வேளச்சேரி

அன்புள்ள ர.,

நீங்கள் அனுப்பிய பதிவுகளைக் கேட்டேன். உழைப்பு தெரிகிறது. இந்த வயதில் இதற்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கிறீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். நேரம், இசை எல்லாம் உங்கள் விருப்பம். என்னிடம் கேட்கத் தேவையில்லை.

ஆனால் ஒவ்வொரு பதிவையும் ஏன் ஒரே கேள்வியில் தொடங்குகிறீர்கள்? "இயற்கை மீது உங்களுக்கு எப்போது ஆர்வம் வந்தது?" உடனே அவர் பாட்டி வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். சதுப்பு நிலத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததைப் பெருமையோடு சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறீர்கள். அந்தத் தண்ணீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். மடுவு அடைபட்டால் வேளச்சேரியில் எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று கேட்டிருக்க வேண்டாமா? அங்கேயே குடியிருப்பவர் அல்லவா நீங்கள்! கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அதைவிட, உங்கள் விருந்தினர் பட்டியலைப் பார்த்ததும் மனம் கனத்தது. பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்த பழங்குடிகளான இருளர்களில் ஒருவர்கூட ஓராண்டில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் ஏறினால் வடநெம்மேலி. 1978 முதல் அங்கே இருளர்களின் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்த பிறகு பிழைப்பு இழந்து நின்றவர்கள், பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்துக் கொடுக்கிற தொழிலுக்கு மாறினார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கையும் பிடித்து வந்து, மண்பானையில் வைத்து, சில வாரங்கள் நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தித்தான் முறிமருந்து தயாராகிறது. 2000 முதல் 2019 வரை இந்த நாட்டில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பிழைத்தவர்களில் எத்தனை பேருடைய உடம்பில் இந்த மனிதர்களின் உழைப்பு ஓடியிருக்கும்!

திருப்போரூர்ப் பக்கம் ஓர் இருளர் பெரியவரோடு ஒரு காலைப்பொழுது நடந்திருக்கிறேன். புறப்படும் முன் டீக்கடையில் உட்கார்ந்து, "பாம்பு இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?" என்று கேட்டேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான். தொழில் ரகசியத்தை மறைக்கிறார் என்று கூட வந்தவர் என் காதில் முணுமுணுத்தார்.

வரப்பில் இறங்கியதும் அதே மனிதர் வாய் ஓயாமல் பேசினார். ஓர் எலி வளையின் வாயில் சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. "இதில் ஒன்றும் போகவில்லை" என்று கடந்தார். அடுத்த வளையில் குனிந்து என்னையும் குனியச் சொன்னார். வாயோரம் மண் ஒரு பக்கமாக வழவழவென்று அமுங்கியிருந்தது. "எலி போனால் மண் சிதறும், பாம்பு போனால் படியும்" என்றார். கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார். ஓரிடத்தில் கடப்பாரையை வைத்துவிட்டுக் கையால் மண்ணை வழித்தார். ஏன் என்று கேட்டேன். "இதற்கு மேல் இரும்பு பட்டால் அதற்கு அடிபடும்." சற்று நேரத்தில் நல்ல பாம்பின் வால் தெரிந்தது.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். அறிவு சிலருக்கு நாக்கில் இருக்கிறது, சிலருக்குக் கையிலும் காலிலும் இருக்கிறது. உங்கள் ஒலிவாங்கி நாக்கில் இருப்பதை மட்டும் பிடிக்கிறது. 2017-இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காக்காரர்கள் தேடி வந்து கேட்டதை நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு கேட்கவில்லை.

ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களையும் விட்டுவிட்டீர்கள். கடலாமைகள் கரையில் முட்டையிட வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் காற்று, நீரோட்டம் பற்றி அவர்களிடம் கேளுங்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அடுத்த பதிவுக்கு அறையை விட்டு வெளியே வாருங்கள். மனிதரை அவர் வேலை செய்யும் இடத்தில் சந்தியுங்கள். "எப்படி?", "ஏன் இங்கே நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பேராசிரியருக்குப் பொன்னாடையும் கார் வாடகையும் கொடுத்தீர்கள் அல்லவா? இருளர் ஒருவரைக் காலை முதல் மாலை வரை உங்களோடு வைத்துக்கொண்டால் அவருடைய அன்றைய வேலை போய்விடும். அந்தக் கூலியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். "உள்ளூர்வாசி ஒருவர்" என்று போடாமல், அவர் சம்மதித்தால், பேராசிரியருக்குப் போட்டது போலவே முழுப்பெயரோடு போடுங்கள்.